சிரிப்பு ரசிகன் – 7: சிரிக்காத ஆள் எங்கே?

போன வாரம் நாடக கேசட்டுகளோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் பாட்காஸ்ட். தர்மபுரியில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பெங்களூர் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிற பையன்கள் காதில் ஹெட்போனோடு கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருப்பார்கள். பாட்டு கேட்கிறார்கள் என்று நினைப்போம். திடீரென்று ஒருவன் தனக்குத்தானே சிரிப்பான்.

நானும் கேட்கிறேன், நிறையவே கேட்கிறேன். ஆனால் எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வருவதில்லை. மூன்று நான்கு நண்பர்கள், ஆளுக்கொரு மைக், ஒன்றரை மணி நேரம். ஒருவர் ஹாஸ்டல் கதையை ஆரம்பிப்பார். கதை வார்டன் அறையை எட்டுவதற்குள் மற்ற மூன்று பேரும் உருண்டு புரண்டு சிரித்து முடித்துவிடுவார்கள். பந்தி பரிமாற வேண்டியவர்களே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் இலை போட்டுக் காத்திருப்பவன் என்ன செய்வான்? எல்லாரும் நல்ல பையன்கள், வாய்த்துடுக்கும் இருக்கிறது. அங்கே இல்லாதது ஒரே ஒரு ஆள்தான், சிரிக்காத ஆள்.

எங்கள் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆளை நன்றாகத் தெரியும். நள்ளிரவு தாண்டி, பெட்ஷீட்டுக்குள் பாதி ஊர் தூங்கிப்போன நேரத்தில், துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வருவான். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, முகமெல்லாம் அரிதாரம். தன் பெருமையைத் தானே பாடுவான். பக்கத்தில் நிற்கிற கட்டியக்காரன் ஒவ்வொரு அடிக்கும் குறுக்கே கேள்வி போடுவான். நீ எந்த ஊர் ராஜா, ரேஷன் கார்டு இருக்கா, போன தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டே என்று உள்ளூர் விவகாரமெல்லாம் உள்ளே வந்துவிடும். கூட்டம் எழுந்து உட்காரும். ராஜா மட்டும் சிரிக்க மாட்டான். அவன் அஸ்தினாபுரத்தில் இருக்கிறான், ரேஷன் கார்டு என்றால் அவனுக்கு என்ன தெரியும்? கேள்விக்குக் கோபமாகப் பதில் சொல்லிவிட்டு மறுபடி பாட்டை எடுப்பான். அவன் மட்டும் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு குலுங்கினால் போதும், அத்தனையும் போய்விடும். கிரீடம் வெறும் கட்டையாகிவிடும். கட்டியக்காரனும் வெறும் அரட்டைக்காரனாகிவிடுவான்.

கூத்துக்கும் வெகு முன்னால் இந்த வித்தை தெரிந்த ஒருத்தி தகடூரில் இருந்தாள். அதியமானுக்காகக் காஞ்சிக்குத் தூது போன ஔவையார்தான். புறநானூற்றின் 95-ஆம் பாட்டைத் தேடிப் படியுங்கள். காஞ்சி அரசன் தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டிப் பெருமையடிக்கிறான். ஔவை, உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலுள்ள அரண்மனையில் அழகாக இருக்கின்றன என்கிறாள். எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சேர்த்துக்கொள்கிறாள். பாராட்டுகிற குரலை விட்டு இறங்கவே இல்லை. பாட்டில் எங்காவது அவள் உதட்டோரம் அசைந்திருந்தால் தொண்டைமானுக்கு உடனே புரிந்திருக்கும்.

சினிமாவுக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் வீரப்பன் என்றாலே சந்தனக் கடத்தல் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்ட 2004 அக்டோபரும் பாப்பாரப்பட்டியும்தான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போவது வேறு வீரப்பன். கவுண்டமணி – செந்திலுக்கு நகைச்சுவைப் பகுதிகள் எழுதிக் கொடுத்த ஏ. வீரப்பன். மீசையைவிடப் பேனா பெரிது என்று காட்டிய வீரப்பன். ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலை கவுண்டமணி பாடம் நடத்துவது போல விளக்குகிறார். செந்திலுக்கு ஒரு சந்தேகம். அந்தத் துணியிலிருந்தா வெளிச்சம் வருகிறது? அதைத் தொட்டுப் பார்த்துவிடுகிறார், மேண்டில் தூள். அந்த இடத்தில் செந்தில் முகத்தைக் கவனியுங்கள். குறும்பே கிடையாது, ஒரு மாணவனின் ஆர்வம் மட்டும்தான். ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழமும் அப்படியே. கவுண்டமணி இரண்டு பழம் வாங்கச் சொன்னார், செந்தில் கையில் ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று எங்கே என்று கேட்டால் அதுதான் இது என்கிறார். அவர் ஏமாற்றுகிற மாதிரியே தெரியவில்லை. கணக்கு சரியாக இருக்கிறது என்று மனதார நம்புகிறார். அதனால்தான் கவுண்டமணிக்குப் பைத்தியம் பிடிக்கிறது. படம் பார்க்காமல் பஸ்ஸில் ஒலியாக மட்டும் கேட்டாலும் அது நிற்கிறது. நிறத்தையும் உருவத்தையும் வைத்து கவுண்டமணி வீசுகிற வசவுகள் இன்றைக்குக் கேட்கும்போது உறுத்துகின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. வாழைப்பழம் மட்டும் அழுகவில்லை.

வடிவேலு இன்னும் ஒரு படி மேலே போனார். கட்டியக்காரனும் ராஜாவும் அவரே. ‘வின்னர்’ (2003) கைப்புள்ள தன்னை வீரன் என்று நிஜமாகவே நம்புகிறான். ‘ஃப்ரெண்ட்ஸ்’ (2001) காண்ட்ராக்டர் நேசமணிக்கு வேலை முடிய வேண்டுமே என்பதுதான் கவலை, தலையில் சுத்தியல் விழுகிறது. 2019 மே மாதம் இணையத்தில் உலகமே நேசமணிக்காக விளையாட்டாகப் பிரார்த்தனை செய்ததற்கு அந்த உண்மையான கவலையும் ஒரு காரணம் என்பேன்.

டிவியில் இந்தச் சிரிக்காத முகம் கெட்டுப்போனது எப்போது? விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’வில் இருந்தது. மனோகர் கையைக் காலை வினோதமாக வீசிக்கொண்டு வருவார், முகம் மட்டும் துக்க வீட்டுக்குப் போகிற முகம். ‘கலக்கப்போவது யாரு’ மாதிரியான போட்டிகள் வந்தபோது சிவகார்த்திகேயன் போன்ற திறமைசாலிகள் கிடைத்தார்கள், சந்தோஷம். கூடவே நடுவர்களும் வந்தார்கள். ஜோக் முடிவதற்குள் நடுவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுவார், கேமரா அவர் பக்கம் ஓடும். எங்கே சிரிக்க வேண்டும் என்று நமக்குக் காட்டிக் கொடுக்க ஆள் வைத்துவிட்டார்கள். பாட்காஸ்ட் பையன்கள் அந்தப் பழக்கத்தை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கட்சி.

அப்படியானால் சிரிப்பதற்குத் தடை போட்டுவிட்டால்? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். நடிகர் விவேக் மறைந்த பிறகு, 2021 ஆகஸ்டில், அவரும் சிவாவும் தொகுத்து வழங்கிய ‘எங்க சிரி பாப்போம்’ அமேசானில் வந்தது. நகைச்சுவைக்காரர்களை ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் அடைத்து, சிரித்தால் வெளியே என்றார்கள். ஆசையாக உட்கார்ந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு அடக்கினார்கள், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். அது சிரிப்பை அடக்குகிற முகம். பெட்ரோமாக்ஸ் விளக்கின் முன்னால் செந்தில் எதையும் அடக்கவில்லை. அவருக்கு அங்கே சிரிக்க எதுவுமே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பையன் பாட்காஸ்ட் தொடங்குகிறான். யோசனை கேட்டான்.

“உங்க மாமாவையும் கூட உட்கார வையுடா” என்றேன். மாமா சைக்கிள் கடை வைத்திருக்கிறார்.

“அண்ணா, அவரு எதுக்குமே சிரிக்க மாட்டாருங்ண்ணா.”

“அதுக்குத்தான் சொல்றேன்.”

அரைமனதாக ஒத்துக்கொண்டான். மாமா வந்து மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு என்று கேட்டார். நாலாயிரம் என்றான். இதற்கு பெல் இருக்கிறதா என்றார். பாட்காஸ்ட் என்றால் என்ன என்று இவன் விளக்க, “அப்போ ரேடியோதானே, அதுக்கு எதுக்குடா தலை சீவிட்டு வந்தே?” என்று கேட்டார். இவனுக்குக் கோபம் வந்து, வாக்குவாதம் முற்றி, கடைசியில் மாமா பம்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். இருபது நிமிஷம் நடந்தது. ரெக்கார்டிங் பட்டனை யாருமே அமுக்கியிருக்கவில்லை.

(தொடரும்)