நோக் குளிசையும் ஈரலும்

நாரி உளைவு, முழங்கால் நோ, தோள்மூட்டுப் பிடிப்பு. மண்வெட்டி பிடிப்பவர்களுக்கும் நாற்று நடுபவர்களுக்கும் இவை புதியன அல்ல. பாமசியில் இரண்டு குளிசை வாங்கி விழுங்கினால் அன்றைய கூலிவேலை தப்பிவிடும். இவற்றிற் பல டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போன்ற வீக்கம் தணிக்கும் மருந்துகள். இவை வயிற்றைப் புண்ணாக்கும் என்பது பலருக்கும் தெரியும். ஈரலையும் தாக்கக்கூடும் என்பதை அறிந்தவர்கள் குறைவு.

நாம் உட்கொள்ளும் மருந்தை உடைத்து வெளியேற்றுவது ஈரலின் வேலை. டைக்ளோபினாக் அங்கே உடையும்போது உண்டாகும் சில பொருட்கள் சிலருடைய ஈரற் கலங்களைச் சேதப்படுத்துகின்றன. கடுமையான பாதிப்பு அரிது. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. தொடர்ந்து பாவிப்பவர்களில் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள் தெரியவரும். இதே வகையைச் சேர்ந்த நிமெசுலைட் குளிசையை ஈரற் பாதிப்புக் காரணமாக 2002 இல் பின்லாந்தும் ஸ்பெயினும், 2007 இல் அயர்லாந்தும் விற்பனையிலிருந்து நிறுத்தின.

பசியின்மை, ஓங்காளம், வலது விலாவின் கீழ் நோ, தேயிலைச் சாயம்போன்ற சிறுநீர், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது கண்டாலும் குளிசையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். செங்கண்மாரி என்றதும் நம்மவர்கள் கீழ்க்காய்நெல்லியைத் தேடுவார்கள். அதை அரைத்துக் குடித்துக்கொண்டே நோக் குளிசையையும் விழுங்குவதுதான் பெரிய ஆபத்து. எலிக்காய்ச்சலிலும் உடல் உளைவும் மஞ்சட் கண்ணும் வரும் என்பதால், வயற்சேற்றில் நின்றதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இன்று ஒரு கிளினிக், அடுத்த மாதம் வேறொன்று. கடதாசிப் பையிலே பெயரில்லாத குளிசை. வோல்டரனும் டைக்ளோபினாக்கும் ஒரே மருந்துதான். இரண்டு இடத்தில் வாங்கி இரண்டையும் விழுங்கினால் இரட்டை அளவு உள்ளே போகிறது. மருந்து தருபவரிடம் பெயரைப் பையில் எழுதித் தரும்படி கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

பனடோல் இந்த வகை மருந்தல்ல. ஆயினும் அளவு மீறினால் அதுவும் ஈரலைக் கெடுக்கும். வளர்ந்தவர் ஒருவர் 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை 8 இற்கு மேல் எடுக்கக்கூடாது. மெலிந்தவர்களுக்கும் நாளாந்தம் சாராயம் குடிப்பவர்களுக்கும் அந்த அளவே கூடிவிடலாம். அவர்கள் கேட்டு எடுப்பதே நல்லது. பரசிற்றமோல் என்று தருவதும் இதே பனடோல்தான்.

வெறும் பைகளையும் எறியாமல் கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள். கண் மஞ்சளாகிப் போகும்போது டொக்டர் முதலிற் கேட்பது, என்ன குளிசை எடுத்தீர்கள் என்பதைத்தான்.