அல்சூரும் ஒரு பாடநூல்தான்: வரலாறு, குடிமையியல் ஆசிரியருக்கு வேண்டிய பயிற்சியும் கருவிகளும்

கணக்கு ஆசிரியருக்கு இல்லாத ஒரு சங்கடம் சமூக அறிவியல் ஆசிரியருக்கு உண்டு. பைதகரஸ் தேற்றம் போன வருஷம் இருந்தது போலவே இந்த வருஷமும் இருக்கும். வரலாறும் குடிமையியலும் அப்படியல்ல. கீழடியில் 2015-இல் அகழாய்வு தொடங்கிய பிறகு, சங்க காலத்தைப் பழைய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு நடத்த முடியாது. பெங்களூரின் ஒரே மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிந்த பிறகு, நகராட்சி பற்றிய பாடத்தையும் பழையபடி சொல்ல முடியாது. ஆகவே, இந்தப் பாடங்களைக் கற்பிப்பவர் ஓய்வு பெறும் நாள் வரை தாமும் மாணவராகவே இருந்தாக வேண்டும்.

அல்சூர் வட்டாரத்தில் பல ஆண்டுகள் இந்தப் பாடங்களைக் கற்பித்தவன் என்ற முறையில், நம் சங்க மலரில் இது பற்றி எழுத விரும்பினேன். 'இது ஆசிரியர்கள் சமாசாரமாச்சே, நமக்கு எதுக்கு?' என்று பெற்றோர் கேட்கலாம். வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் தங்கள் வேரைப் பற்றியும், தாங்கள் வாழும் மண்ணைப் பற்றியும் ஒருசேரத் தெரிந்துகொள்ளும் இடம் சமூக அறிவியல் வகுப்பு ஒன்றுதான். அந்த வகுப்பு சோர்ந்துபோனால் நஷ்டம் நமக்கே.

பயிற்சி என்று எதைச் சொல்கிறோம்?

1986-இன் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகுதான் மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் எழுந்தன. 2017-இல் தீக்ஷா என்னும் இணையத் தளமும், 2019-இல் நிஷ்டா என்னும் நாடு தழுவிய பயிற்சித் திட்டமும் வந்தன. ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொடர்பயிற்சி பெற வேண்டும் என்று 2020-இன் கல்விக் கொள்கை கூறுகிறது.

மணிக்கணக்கு சரி, அந்த 50 மணியில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. பெரும்பாலான பயிற்சிகள் ஏணிப்படி முறையில் நடப்பவை. மேலே ஒரு குழு கற்றுக்கொண்டு அடுத்த குழுவுக்குச் சொல்லும். அது அதற்கடுத்த குழுவுக்குச் சொல்லும். கடைசிப் படியில் இருக்கும் பள்ளி ஆசிரியரிடம் வந்து சேரும்போது சாரம் போய்ச் சக்கைதான் மிஞ்சும். பொதுவான உபதேசம் நிறைய இருக்கும். 'எட்டாம் வகுப்புக்கு விஜயநகரத்தை எப்படி நடத்தறது?' என்ற கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது.

அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பாடம் தெரிந்திருப்பது ஓர் அறிவு, வகுப்பை நடத்தத் தெரிந்திருப்பது மற்றோர் அறிவு. இந்தப் பாடத்தை இந்த வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது என்பது இரண்டும் கலந்த மூன்றாவது அறிவு. ஆசிரியப் பயிற்சி வளர்க்க வேண்டியது இந்த மூன்றாவதைத்தான்.

வரலாற்றுப் பாடத்தில் அது எப்படி இருக்கும் என்பதற்கு சாம் வைன்பர்க் 1991-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. ஒரே ஆவணங்களை வரலாற்று அறிஞர்களிடமும் பள்ளி மாணவர்களிடமும் அவர் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மாணவர்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக்கொண்டே போனார்கள். அறிஞர்களோ, 'இதை எழுதியவர் யார், எப்போது எழுதினார்?' என்று முதலில் பார்த்தார்கள். பிறகு ஓர் ஆவணத்தை மற்றோர் ஆவணத்தோடு ஒப்பிட்டார்கள். இந்தப் பழக்கத்தை ஆசிரியர் பெற்றால்தான் மாணவருக்கு வரும்.

நம் நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஏகலவ்யா என்னும் அமைப்பு 1980-களிலேயே ஆசிரியர்களோடு சேர்ந்து சமூக அறிவியல் நூல்களை உருவாக்கி, அரசுப் பள்ளிகளில் சோதித்துப் பார்த்தது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வு எழுதும் முறையையும் அது கொண்டுவந்தது. 2005-இன் தேசியக் கலைத்திட்ட வரைவுக்குப் பின், என்.சி.இ.ஆர்.டி. நூல்களில் 6 முதல் 8 வகுப்பு வரை 'குடிமையியல்' என்ற பெயரே போய், 'சமூக அரசியல் வாழ்வு' என்றாயிற்று. சட்டப் பிரிவுகளை ஒப்பிப்பதை விட்டு, அன்றாட வாழ்க்கையிலிருந்து அரசியலைப் புரிந்துகொள்வதே அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்ததுதான், ஆனால் அந்த அன்றாட வாழ்க்கையை வகுப்புக்குள் கொண்டுவர ஆசிரியரிடம் உள்ளூர்ச் சான்றுகள் வேண்டுமே!

காலடியில் கிடக்கும் சான்றுகள்

அல்சூரில் அந்தக் குறை இல்லை. மூன்று எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

முதலாவது, ஊர்ப்பெயர். ஹொய்சள மன்னன் இரண்டாம் வீர வல்லாளன் வழிதவறி வந்தபோது ஒரு கிழவி வெந்த பயறு கொடுத்ததால் 'பெந்தகாளூரு' என்று பெயர் வந்ததாக ஒரு கதையைப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். அந்த மன்னனின் ஆட்சி தொடங்கியது 1173-இல். பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் உள்ள கன்னடக் கல்வெட்டோ சுமார் 890-ஐச் சேர்ந்தது. அதிலேயே பெங்களூர் என்ற பெயர் வந்துவிடுகிறது. மடிவாளம் சோமேஸ்வரர் கோயிலில் 1247-ஐச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு வெங்களூரின் பெரிய ஏரியைக் குறிப்பிடுகிறது. ஒரு கதை, ஒரு கன்னடக் கல்வெட்டு, ஒரு தமிழ்க் கல்வெட்டு: மூன்றையும் பலகையில் எழுதி, 'எதை நம்புவீங்க, ஏன்?' என்று கேட்டால் போதும். வைன்பர்க் சொன்ன ஒப்பிடும் பழக்கம் ஒரே வகுப்பில் தொடங்கிவிடும்.

அல்சூருக்குப் பக்கத்திலேயே தொம்பலூர் சொக்கநாதர் கோயில் இருக்கிறது. அங்குள்ள 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளில் அந்த ஊருக்குத் தேசிமாணிக்கப் பட்டணம் என்ற பெயரும் காணப்படுகிறது. அக்காலத்து ஹொய்சள அரசன் இராமநாதனுக்குத் திருச்சி அருகிலுள்ள கண்ணனூர் தலைநகராக இருந்தது. கன்னட நாட்டு அரச மரபு, தமிழ் எழுத்து, இன்றைய பெங்களூர் - இவை மூன்றும் ஒரே சுவரில். 'இது யார் ஊர்?' என்று சண்டை போடுகிறவர்களுக்கு அந்தச் சுவரே பதில் சொல்லும்.

இரண்டாவது, நிர்வாகம். 1809-இல் ஆங்கிலேயர் தண்டு என்னும் கன்டோன்மென்டை அமைத்தபோது அல்சூர் அதன் ஓரத்தில் இருந்தது. பட்டாளத்தோடும் பட்டாளத்தை நம்பிய தொழில்களோடும் தமிழ்க் குடும்பங்கள் திரளாக வந்தன. பேட்டைக்கு ஒன்று, தண்டுக்கு ஒன்று என 1862-இல் இரு நகராட்சிகள் ஏற்பட்டன. 1881-இல் மைசூர் அரசு மீண்டும் உடையாரிடம் சென்றபோதும் தண்டுப் பகுதி ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1947-இல்தான் அது மைசூரிடம் திரும்பியது. 1949-இல் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின. 2007-இல் அது பெருநகர மாநகராட்சியாக விரிந்தது. 2025-இல் ஐந்தாகப் பிரிந்தது. பெரிய நகரத்தை ஒரே அமைப்பு ஆள்வது நல்லதா, பல அமைப்புகள் ஆள்வது நல்லதா? உள்ளாட்சிக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு தந்த 74-ஆவது திருத்தத்தை இந்தக் கேள்வியோடு சேர்த்து நடத்தினால், யாரும் அதை மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

மூன்றாவதுதான் கடினமானது: காவிரி. தமிழ்ப் பிள்ளையும் கன்னடப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், 'எதுக்கு வம்பு, இது பரீட்சைக்கு வராது' என்று தாண்டிப் போகத்தான் மனசு சொல்லும். ஆனால் நாம் சொல்லாமல் விட்டதைத் தெரு சொல்லிக்கொடுக்கும். நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பைத் தொடர்ந்து 1991 டிசம்பரில் இந்த நகரம் பட்ட பாட்டை நம் மூத்தவர்கள் மறக்கவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் வைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது.

இதை வகுப்பில் எடுப்பதற்கு வழி, கருத்தை ஒதுக்கிவைத்து ஆவணத்தை முன்வைப்பது. 1892, 1924 ஒப்பந்தங்கள், 2007-இன் இறுதித் தீர்ப்பு, 2018-இன் உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றின் முக்கியப் பகுதிகளை எளிய மொழியில் ஒரு தாளில் கொடுக்கலாம். 2007-இல் 192 டி.எம்.சி. என்றிருந்த தமிழ்நாட்டுக்கான திறப்பு 2018-இல் 177.25 ஆனது. குறைந்த 14.75-இல் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு என்று நீதிமன்றம் சொன்னது. அப்படியென்றால் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் யார்? அல்சூர்த் தமிழ்க் குடும்பமுந்தான்! தஞ்சாவூர் மாமாவின் வயலும், மாண்டியா விவசாயியின் வயலும், நம் வீட்டுக் குழாயும் ஒரே கணக்கில் வருகின்றன என்று பிள்ளைக்குப் புரியும்போது குடிமையியல் தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்.

நாம் செய்யக்கூடியவை

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகள், பி. எல். ரைஸ் பதிப்பித்த கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதி ஒன்பதில் 1905-லேயே அச்சாகிவிட்டன. 1909-இல் தொடங்கிய மிதிக் சொசைட்டி, 2021 முதல் நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் எடுத்துவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கருவியையும் ஆசிரியரையும் இணைக்கும் பாலம்தான் இல்லை. வகுப்பு நடத்தும் கன்னட ஆசிரியைக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். நம் வீட்டுத் தமிழறிஞருக்குப் பள்ளிப் பாடத்திட்டம் தெரியாமல் இருக்கலாம்.

அந்தப் பாலத்தைத் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் கட்டலாம். 1950-இல் தொடங்கி அல்சூரில் நூலகத்தோடு இயங்கும் நம் சங்கத்துக்கு அதற்கான இடமும் ஆளும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு சனிக்கிழமை, எல்லா மொழி ஆசிரியர்களையும் அழைத்து ஒரு பட்டறை நடத்தலாம். காலையில் கோயில் சுவரில் கல்வெட்டு வாசிப்பு. மத்தியானம் அதையே 40 நிமிஷப் பாடமாக எழுதுவது. அப்படி எழுதிய பாடத்தைத் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் இரண்டு பக்கத் தாளாக அச்சிட்டால், அடுத்த பள்ளிக்கும் உதவும். மேலேயிருந்து இறங்கி வரும் பயிற்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: இங்கே ஆசிரியர் கேட்டுவிட்டுப் போவதில்லை, ஒன்றைச் செய்துகொண்டு போகிறார்.

பெற்றோர் பங்கும் உண்டு. தாத்தாவின் பட்டாள ஓய்வூதியத் தாள், பழைய ரேஷன் கார்டு, அந்தக் காலத்து வாடகை ரசீது இவையெல்லாம் வரலாற்று ஆவணங்களே. பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன், அதன் ஒரு நகலைப் பிள்ளையிடம் கொடுத்து, 'உங்க மிஸ்கிட்ட காட்டு' என்று சொல்லுங்கள். ஓர் ஆசிரியைக்கு அன்றைய வகுப்புக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு இருக்க முடியாது.