மோழைப் பெட்டைக்குக் கொம்புள்ள கிடா

ஜவ்வாது மலையடிவாரத்தில் படவேடு வட்டாரத்தில் வெள்ளாடு வளர்ப்போர், பொலிகிடா தேர்ந்தெடுக்கும்போது அதன் தலையையும் கவனிக்க வேண்டும். கொம்பில்லாத மோழை ஆடு முட்டாது என்று மோழைக் கிடாவையே விரும்புவோர் உண்டு. மந்தையில் மோழைப் பெட்டைகளும் இருந்தால் இதனால் நஷ்டம் வரும்.

பெட்டையாகப் பிறந்து, கிடாவைப் போல வளர்ந்து, சினையே பிடிக்காத குட்டிகள் சில மந்தைகளில் உண்டு. இம்மலட்டுக்கும் மோழைத் தன்மைக்கும் தொடர்பு இருக்கலாம் என 1944-ல் அமெரிக்காவில் கூறப்பட்டது. 2001-ல் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் காரணத்தைக் கண்டறிந்தனர். கொம்பைத் தடுக்கும் பரம்பரைக் குறையே பெட்டைக் குட்டியின் சூலகத்தையும் கெடுக்கிறது.

தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமிருந்து மட்டும் குறை வந்தால் குட்டி மோழையாகும். பெட்டையானால் நன்றாகவே ஈனும். இரண்டிடமிருந்தும் வந்தால் பெட்டைக்குட்டி மலடாகும். மோழையும் மோழையும் சேர்ந்தால், பிறக்கும் பெட்டைகளில் சராசரியாக நான்கில் ஒன்றுக்கு இக்கதி. கிடாக்குட்டிகளிலும் சில மலடாவதுண்டு.

பல பரம்பரை நோய்களைச் சுமக்கும் ஆட்டைப் பார்வையால் அறிய முடியாது. இதற்கோ தலையே அடையாளம். ஆனால் குட்டியிலேயே கொம்புக் குருத்தைத் தீய்த்த ஆடு மோழையல்ல. வாங்கும்போது விசாரித்துக் கொள்ளவும்.

செய்ய வேண்டியவை:

1. மோழைப் பெட்டைகளைக் கழிக்க வேண்டாம். கொம்புள்ள கிடாவுடன் சேர்த்தால் இந்த மலடு வராது.

2. மோழைக் கிடா இருந்தால் கொம்புள்ள பெட்டைகளுக்கு மட்டும் விடவும்.

3. இரவல் கிடாவானாலும் தலையைப் பார்த்தே சேர்க்கவும்.

4. பெட்டைக் குட்டியின் பிறப்புறுப்பில் பட்டாணி போன்ற முளை தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டவும். மலடு உறுதியானால் சினைக்குக் காத்திராமல் இறைச்சிக்கு விற்றுவிடலாம். தீவனச் செலவு மிச்சம்.