மௌன வழிபாட்டின் சமூகப் பொருள்: மண்டூரும் குவேக்கர் கூட்டமும்

மௌனம் தமிழர் சமயச் சிந்தனைக்குப் புதியதன்று. கல்லாலின் கீழ் வாய்திறவாது உபதேசிக்கும் தட்சிணாமூர்த்தி வடிவமும், தாயுமானவரும் சித்தர்களும் போற்றிய மோன நிலையும் நாம் நன்கறிந்தவை. ஆயின் அவை குருவுக்கும் சீடனுக்கும் இடைப்பட்டனவாகவோ, தனியொருவரின் அகப்பயிற்சியாகவோ அமைவன. ஊர்கூடிச் செய்யும் பொது வழிபாட்டின் மையத்தில் மௌனம் இடம்பெறும்போது அதற்குச் சமூகப் பொருளும் வந்துசேர்கிறது. அப்பொருளை விளங்கிக்கொள்ளும் பொருட்டு மட்டக்களப்பு வாவிக்கரையின் மண்டூர் வழிபாட்டையும், இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் வழிபாட்டையும் இங்கு அருகருகே வைத்து நோக்குகிறோம். இவற்றிடையே வரலாற்றுத் தொடர்பு உண்டென நிறுவுவது நமது நோக்கமன்று.

வாவியின் மேற்கே படுவான்கரையில், குருமண்வெளித் துறைக்கு எதிர்க்கரையில் அமைந்தது மண்டூர். தில்லை மரங்கள் செறிந்த இவ்விடத்தில் வேடர் வேலொன்றைக் கண்டு கொத்துப்பந்தலிட்டு வழிபட்டனர் என்பது மரபுவழிச் செய்தி. சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் இக்கோயிலில், கதிர்காமத்திற் போலவே, பூசை செய்பவர் வெண்துணியால் வாயைக் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் மந்திரமின்றிப் பூசை ஆற்றுகிறார். அவரைக் கப்புகனார் என்பர். வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் வாய்கட்டிப் பூசை செய்யும் வழக்கம் உண்டு. ஆகம விதியும் வடமொழி மந்திரமும் கோயில் வழிபாட்டின் இலக்கணமாக வலியுறுத்தப்பட்ட காலத்திலும் இம்மரபுகள் தம் போக்கிலேயே நிலைத்தன என்பது மனங்கொள்ளத்தக்கது. இறைவனை அடைய ஒரு குறித்த மொழியும் அம்மொழியைக் கற்றோரும் இன்றியமையாதவர் அல்லர் என்னும் கருத்து, எவரும் எடுத்துரைக்காமலே, இம்மௌனத்தில் அடங்கியிருக்கிறது எனலாம்.

இக்கருத்தையே வெளிப்படையான கொள்கையாக உரைத்தவர் குவேக்கர். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜோர்ஜ் பொக்ஸ் (1624–1691) என்பாரின் போதனையை ஒட்டி இவ்வியக்கம் உருவாயிற்று. நடுங்குவோர் எனப் பொருள்படும் குவேக்கர் என்ற பெயர் பிறர் இகழ்ந்து இட்டது. அவர்கள் தம்மை நண்பர்கள் என்றே அழைத்துக்கொண்டனர். ஒவ்வொரு மனிதரிடத்தும் இறையொளி உறைகிறது. ஆதலால் இடைநின்று பேசக் குருமார் வேண்டியதில்லை என்பது அவர்தம் அடிப்படை நம்பிக்கை.

அவ்வழிபாடு புதியவர்க்கு முதலில் வியப்பளிக்கும். மண்டபத்தில் பீடமில்லை, திருவுருவமில்லை, பாடலில்லை, பிரசங்கியுமில்லை. வந்தோர் ஒருவரையொருவர் நோக்கியவாறு அமர்ந்து, ஏறத்தாழ ஒரு மணிநேரம் மௌனமாயிருப்பர். இது தியானத்தை ஒத்ததெனினும் தியானமே அன்று. தனித்தனியே உள்நோக்கிச் செல்வதினும் கூடியிருந்து காத்திருப்பதே இதன் இயல்பு. உள்ளத்தில் எழுந்த சொல் தனக்கு மட்டும் உரியதன்று, கூட்டத்துக்கும் உரியது என உணர்பவர் எழுந்து சுருக்கமாகப் பேசுவார். அவருக்கு எவரும் மறுமொழி கூறுவதில்லை. மீண்டும் மௌனம் தொடரும். எவரும் பேசாமலே முடியும் கூட்டமும் நிறைவான கூட்டமே. இறுதியில் அருகிலிருப்போர் கைகுலுக்க வழிபாடு முடிவுறும். கென்யா முதலிய நாடுகளில் போதகரும் பாடலும் கொண்டு வழிபடும் குவேக்கர் பெருந்தொகையினர் என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும்.

இம்மௌனம் அரசுக்கு அச்சமூட்டியது. 1664 இல் இங்கிலாந்தின் சட்டமொன்று அரச திருச்சபைக்குப் புறம்பாக ஐவருக்கு மேற்பட்டோர் வழிபாட்டுக்குக் கூடுவதைத் தடை செய்தது. குவேக்கர் ஒளியாது கூடி, வாய்பேசாது அமர்ந்திருந்து சிறை சென்றனர். பெண்களும் வழிபாட்டிற் பேசலாம் என வாதிட்டு மார்கிறட் பெல் 1666 இல் நூல் வெளியிட்டார். அப்போது அவரும் சிறையிலிருந்தவரே.

இனி வேறுபாட்டை நோக்குவோம். மண்டூரில் மௌனம் பூசகருக்கு உரியது. திரைக்கு வெளியே அடியார் அரோகரா என முழங்கத் தடையில்லை. குவேக்கரிடத்தில் மௌனம் கூட்டம் முழுமைக்கும் உரியது. அதனைக் கலைக்கும் உரிமையும் அவ்வாறே. முன்னதில் பூசகரின் வாய் கட்டப்படுகிறது. பின்னதில் பூசகர் என்ற நிலையே நீக்கப்படுகிறது.

எனினும் மௌனம் தானாகவே சமத்துவத்தைத் தந்துவிடுவதில்லை. மட்டக்களப்பின் தேசத்துக் கோயில்களில் மரியாதைகளும் திருவிழாப் பொறுப்புகளும் சாதி வழியாகவும் தாய்வழிக் குடி வழியாகவும் பகிரப்பட்டு வந்தன. கருவறையில் மந்திரம் ஒலிக்காத கோயிலின் வெளிவீதியில் படிநிலை உரத்தே ஒலித்தது. குவேக்கரும் இதற்கு விலக்கல்லர். அடிமை முறையை முன்னின்று எதிர்த்த அவர்களின் பிலடெல்பியாக் கூட்டத்திலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கறுப்பினத்தவர்க்கு வேறு வாங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சேரா மப்ஸ் டக்ளஸ் என்னும் கறுப்பினக் கல்வியாளர் இவ்விழிவை வெளிப்படுத்தி எழுதினார். ஒரே மௌனத்தில் அமர்ந்தோர் ஒரே வரிசையில் அமரவில்லை.

வாவிக்கரை மக்கள் வேறொரு மௌனத்தையும் அறிவர். போர்க்காலத்தில் கைதும் காணாமற்போதலும் மலிந்தபோது, கண்டதைச் சொல்லவும் அஞ்சி ஊர்கள் வாயடைத்து நின்றன. அந்நாட்களில் அம்மன் கோயில்களில் தெய்வமேறி வாக்குச் சொல்வோரிடம் தாய்மார் தம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் ஆராய்ந்து எழுதியுள்ளார். மனிதர் பேச இயலாதவற்றைத் தெய்வத்தின் வாய் பேசியது. 2009 இல் போர் முடிந்த பின்னும் அம்மௌனம் முற்றாகக் கலையவில்லை. 2017 இல் வடக்கிலும் கிழக்கிலும் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தெருவோரங்களில் அமர்ந்து தொடர்போராட்டம் தொடங்கியமை இதற்குச் சான்றாகும்.

ஆகவே மௌனத்தைப் பொதுப்படப் போற்றுவதும் பொதுப்படப் பழிப்பதும் பொருந்தா. எந்த மௌனத்தை நோக்கியும் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இதனைக் கலைக்கும் உரிமை யாருக்கு உண்டு? எழுந்து பேசும் உரிமை அனைவர்க்கும் உள்ள இடத்தில் மௌனம் வழிபாடாகிறது. அவ்வுரிமை பறிக்கப்பட்ட இடத்தில் அது ஒடுக்குமுறையின் வடிவமாகிறது. குவேக்கர் வழிபாட்டை முதன்முறை அறிவோர் அதன் அமைதியை மட்டுமன்றி, அவ்வமைதியில் எவரும் எழுந்து நிற்கலாம் என்னும் விதியையும் சேர்த்தே அறிதல் வேண்டும்.