திங்கட்கிழமை காலையில் மீன்தொட்டி

எங்கள் எட்டாம் வகுப்பு அறையில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். ஏறத்தாழ 50 லிட்டர் தண்ணீர், 12 கப்பி மீன்கள். ஒளிச்சேர்க்கைச் சோதனைக்காகக் கொண்டுவந்ததில் மிஞ்சிய ஹைட்ரில்லாவை அதில் நட்டிருந்தோம். அது அடர்ந்து வளர்ந்திருந்தது. மழைக்காலத்தில் செடி வெளிறியதாகத் தோன்றவே, ஒரு வெள்ளிக்கிழமை மாலை எல்இடி விளக்கை அணைக்காமல் வீட்டுக்குப் போனேன். வெளிச்சம் கூடினால் ஆக்சிஜன் கூடும், மீனுக்கும் நல்லதுதானே என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஐந்து மீன்கள் செத்து மிதந்தன. உணவு போடும் பொறுப்பிலிருந்த மாணவன்மீது வகுப்பே பாய்ந்தது. நானும், "எவ்வளவுப்பா போட்டே?" என்று கேட்டேன். "ஒரு சிட்டிகைதான் டீச்சர்" என்றவன் அதற்குமேல் பேசவில்லை.

உயிரோடிருந்த மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டுத் தொட்டி நீரில் பிஎச் தாளை நனைத்தோம். நிறம் 9-ஐக் காட்டியது. வழக்கமாக 7-க்கும் 8-க்கும் இடையில்தான் இருக்கும். சனி, ஞாயிறு யாரும் உணவு போடவில்லை. மாறியது ஒன்றுதான்: விளக்கு.

நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடின் ஒரு பகுதி கார்பானிக் அமிலமாகிறது. வெளிச்சத்தில் செடி அந்த கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ள, அமிலம் குறைந்து பிஎச் ஏறுகிறது. இரவில் செடி, மீன், பாக்டீரியா எல்லாமே சுவாசித்து அதைத் திருப்பித் தருவதால் பிஎச் இறங்குகிறது. மூன்று இரவுகள் இருட்டே இல்லாததால் என் தொட்டியில் அது இறங்கவே இல்லை. ஹைட்ரில்லா ஒருபடி மேலே போய், கார்பன் டை ஆக்சைடு தீர்ந்தால் பைகார்பனேட்டையும் பயன்படுத்தும் செடி.

பிஎச் ஏறினால் மீன் ஏன் சாக வேண்டும்? மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. நீரில் அதன் பெரும்பகுதி, அவ்வளவாகத் தீங்கில்லாத அம்மோனியமாக இருக்கும். 25 டிகிரி செல்சியஸில் பிஎச் 7 என்றால் நச்சு வடிவம் ஏறத்தாழ 0.6 சதவீதம். 8-ல் 5 சதவீதம், 9-ல் 36 சதவீதம்! அதே நீர், அதே கழிவு, நஞ்சு மட்டும் 60 மடங்கு. (கணக்குப் பாடத்தில் சதவீதம் நடத்துபவர்கள் இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.)

நான் சொல்லி முடித்தும் சிலர் நம்பவில்லை. எனவே மீனில்லாமல் மூன்று கண்ணாடிப் புட்டிகள் வைத்தோம், மூன்றிலும் ஒரே நீர். இரண்டில் ஹைட்ரில்லா; ஒன்று விளக்கின் கீழ், ஒன்று அலமாரி இருட்டில். மூன்றாவதில் செடி இல்லை, விளக்கு மட்டும். மறுநாள் விளக்கின் கீழிருந்த செடிப் புட்டி 9. இருட்டில் இருந்தது 7. செடியில்லாதது மாறவே இல்லை. தாளைப் பிடித்து நிறம் பார்த்துச் சொன்னது உணவு போடும் அதே மாணவன். விளக்கை அணைக்காதது நான்தான் என்று வகுப்பில் சொன்னேன், அவனிடம் வருத்தமும் தெரிவித்தேன்.

அதன்பின் பயத்தில் தொட்டியைத் துணியால் மூடினேன். அது அடுத்த தவறு. காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்தபடி நின்றன. வெளிச்சமின்றி அடர்ந்த செடியும் ஆக்சிஜனைத்தான் செலவழிக்கும். 30 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் அதிகபட்சம் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும் என்பதால் நம் ஊர் வெயிலில் கையிருப்பு எப்போதும் குறைவே.

இப்போது முதல் மணிக்கு விளக்கைப் போட்டு, கடைசி மணிக்கு அணைக்கிறோம். ஏழு மணி நேரம். விடுமுறை நாள்களில் சன்னல் வெளிச்சமே போதும். ஆனால் நேர்வெயில் தொட்டியில் விழக் கூடாது, பாசி பிடித்துவிடும். ஹைட்ரில்லாவில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுத்துவிட்டோம். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுகிறோம்; குளோரின் கலந்த குழாய்நீர் என்றால் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்த பிறகு. புதிதாகத் தொட்டி அமைப்பவர்கள் இரண்டு மூன்று மீன்களுடன் தொடங்குங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறோம். காலை 9 மணி, மாலை 3.30 மணி என இரண்டு பத்திகள். போன வாரம் காலையில் 7, மாலையில் 8. எழுதுவது யார் என்று முறை வைத்திருக்கிறோம். உணவுப் பொறுப்பு மட்டும் இன்னும் அவனிடம்தான்.