கோமாளி மீனும் கண்ணாடித் தொட்டியும்

கடலின் வண்ண மீன்களை வீட்டுக் கூடத்திலும் பள்ளி ஆய்வறையிலும் வளர்த்துக் காணும் ஆர்வம் நம் நாட்டு நகரங்களில் பரவியுள்ளது. இவ்வார்வத்துக்கு முதலில் இலக்காவது பெரும்பாலும் கோமாளி மீனே ஆகும். ஆரஞ்சு நிற உடலும் மூன்று வெண்பட்டைகளும் கொண்ட இச்சிறு மீன் எவர் கண்ணையும் கவரும். ஆயினும், ஆசையுடன் வாங்கி வரப்பட்ட மீன் சில நாட்களிலேயே மடிந்துபோவது பல இல்லங்களில் நிகழ்வதாகும். இதற்குப் பெரும்பாலும் காரணம் மீனின் பலவீனமன்று. நீரின் இயல்பை அறியாமையே. கடல் மீனை வளர்ப்பவர் முதலில் கடல் நீரைப் பேணக் கற்றல் வேண்டும்.

கடல் நீரைத் தயாரித்தல்

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. மீனின் உடல் நீர்மங்களிலோ உப்பின் செறிவு ஏறக்குறைய இதில் மூன்றில் ஒரு பங்கே. ஆகவே உடலிலுள்ள நீர் ஓயாது வெளியே கசிகிறது. இவ்விழப்பை ஈடுசெய்ய மீன் கடல் நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள்களின் வழியே வெளியேற்றுகிறது. நீரின் உவர்ப்பு திடீரென மாறினால் இவ்வேற்பாடு சீர்குலையும்.

சமையல் உப்பைக் கரைத்துக் கடல் நீரை உண்டாக்க இயலாது. கடல் உப்புக்களில் சோடியமும் குளோரைடும் சுமார் 85 விழுக்காடே. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் முதலியனவும் இன்றியமையாதவை. ஆகையால் கடற்கரையிலிருந்து தொலைவில் உள்ளோர் இதற்கெனத் தயாரிக்கப்பட்ட உப்புக் கலவையையே உபயோகித்தல் வேண்டும். 100 லிட்டர் நீருக்குச் சுமார் 3.5 கிலோ தேவைப்படும். கரைக்கும் நீரில் குளோரின் இருத்தலாகாது.

தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடுகிறது. 100 லிட்டரில் 10 லிட்டர் ஆவியானால், 35 கிராமாக இருந்த செறிவு லிட்டருக்கு ஏறக்குறைய 39 கிராமாக உயரும். எனவே ஆவியான அளவுக்கு நன்னீரையே ஊற்றுதல் வேண்டும்; உப்பு நீரை ஊற்றுவது பெருந்தவறு. இவ்வெளிய கணக்கை ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்து காட்டலாம்.

வெப்பநிலை 25 முதல் 28 பாகை செல்சியசிலும், பி.எச். 8.0 முதல் 8.4 வரையிலும் இருப்பது நலம். வடபுலக் குளிர்காலத்தில் நீரைச் சூடேற்றும் சாதனமும், கோடையில் நீர்ப்பரப்பின்மீது வீசும் சிறு விசிறியும் தேவைப்படலாம்.

பாக்டீரியாக்களின் பணி

மீன் வெளியேற்றும் கழிவில் அம்மோனியாவே முதன்மையானது. அது கொடிய நஞ்சு. காரத்தன்மையுள்ள கடல் நீரில் அதன் கடுமை மேலும் மிகுதி. ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. வேறு சில பாக்டீரியாக்கள் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மணலிலும் கற்களிலும் வடிகட்டியிலும் இவை போதிய அளவு பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

இக்காலத்தில் தொட்டியில் மீன் இருத்தலாகாது. நாள்தோறும் சிட்டிகையளவு மீனுணவை இட்டுவந்தால் அது அழுகி அம்மோனியாவைத் தரும். சோதனைத் திரவங்களைக் கொண்டு பார்க்குமிடத்து முதலில் அம்மோனியாவும், பின்னர் நைட்ரைட்டும் உயர்ந்து தணிவதைக் காணலாம். இரண்டும் மறைந்த பின்னரே தொட்டி மீனுக்குத் தகுதியுடையதாகிறது. நீரை நிரப்பிய மறுநாளே மீனை விடுவோர் அதனை நஞ்சிலேயே விடுகின்றனர்.

வடிகட்டியைக் குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவினால் பாக்டீரியாக்கள் அழிந்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனை அலசுதல் வேண்டும். மின்தடை நேரும் ஊர்களில் மின்கலத்தால் இயங்கும் காற்றுக் குழாயைத் தயாராக வைத்தல் அவசியம். மீனுக்கு மட்டுமின்றிப் பாக்டீரியாக்களுக்கும் பிராணவாயு வேண்டும்.

மீனின் குடும்பம்

கோமாளி மீன் இயற்கையில் கடற்சாமந்தியின் கொட்டும் கரங்களிடையே அடைக்கலம் பெறுகிறது. தொட்டியில் கடற்சாமந்தி இன்றியும் அது நலமாக வாழும். கடற்சாமந்திக்கோ மிகுந்த ஒளியும் முதிர்ந்த தொட்டியும் தேவை. ஆகவே புதிதாகத் தொடங்குவோர் அதனைத் தவிர்ப்பது நல்லது.

கோமாளி மீன்கள் யாவும் முதலில் ஆணாக முதிர்கின்றன. கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அதற்கு அடுத்தது ஆண், ஏனையவை முதிராதவை. பெண் இறந்தால் ஆண் மீன் பெண்ணாக மாறும். முதிராதவற்றுள் பெரியது ஆணாகும். ஆகவே இரு இளம் மீன்களை ஒன்றாக வளர்த்தாலே காலப்போக்கில் ஓர் இணை அமையும். சில நிமிடங்களில் உண்டு தீர்க்கும் அளவு உணவை நாளுக்கு இருமுறை அளித்தால் போதும். நன்கு பேணினால் இம்மீன் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும்.

மீன் வந்த வழி

அந்தமான், லட்சத்தீவு, மன்னார் வளைகுடா ஆகிய பகுதிகளில் கோமாளி மீன் இனங்கள் வாழ்கின்றன. ஒரு கடற்சாமந்தியிலிருந்து பெண் மீனைப் பிடித்துவிட்டால், ஆண் பெண்ணாக மாறி முடியும்வரை அங்கு முட்டையிடுதல் நின்றுபோகும். ஒரு கூடத்தின் அழகுக்காக ஒரு குடும்பம் குலைகிறது.

இதற்கு மாற்று உண்டு. 1947-இல் நிறுவப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியுள்ளது. கடினமான பரப்பில் ஒட்டப்பட்ட முட்டைகளை ஆண் மீன் விசிறிக் காக்கிறது. சுமார் ஒரு வாரத்தில், இருள் சூழ்ந்தபின், குஞ்சுகள் வெளிவருகின்றன. அவற்றுக்கு முதலில் ரோட்டிஃபர் எனும் நுண்ணிய உயிரினங்களும், பின்னர் ஆர்ட்டீமியாவின் இளம் உயிரிகளும் உணவாகின்றன. தொட்டியிலேயே பிறந்த இம்மீன்கள் தொட்டி வாழ்வுக்கும், கையால் இடும் உணவுக்கும் எளிதில் பழகுகின்றன.

தொட்டியை அழகுபடுத்த உயிர்ப் பவளத்தைச் சேகரித்தலும் கூடாது. கடினப் பவளங்கள் 2001-இல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புக்குள் கொண்டுவரப்பட்டன.

களப்பணியாளர்கள் மீன் வாங்குவோரிடம் வலியுறுத்த வேண்டியவை இரண்டே: பொரிப்பகத்தில் பிறந்த மீனைக் கேட்டு வாங்குக, தொட்டியின் நீர் பக்குவப்படும்வரை காத்திருந்து வாங்குக. முதலாவது கடலைக் காக்கும். இரண்டாவது மீனைக் காக்கும்.