ஐந்து தந்தி பேஸ் கிட்டாரில் தந்தி இடைவெளி

ஐந்து தந்தி பேஸ் கிட்டாரில் வழக்கமான நான்கு தந்திகளுக்குக் கீழே சுமார் 31 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் தாழ்ந்த பி தந்தி கூடுதலாக வரும். அதற்கு இடம் தர, பல தயாரிப்பாளர்கள் தந்திகளை நெருக்கிவிடுகிறார்கள். வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பிரிட்ஜில் ஒரு தந்தியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை உள்ள தூரமே இடைவெளி. நான்கு தந்தி பேஸில் இது பொதுவாக 19 மி.மீ. ஐபனெஸ் எஸ்.ஆர். வரிசையின் ஐந்து தந்தி பேஸ்களில் ஏறக்குறைய 16.5, மியூசிக் மேன் ஸ்டிங்ரே 5-இல் 17.5, ஐபனெஸ் பி.டி.பி.யில் 19. இரண்டு மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். கட்டைவிரலால் அடித்து, விரலை நுழைத்துச் சுண்டும் ஸ்லாப் வாசிப்பில் அது பெரிய வித்தியாசம். நான்கு தந்தியில் பழகிய வலக்கைக்கும் அகன்ற இடைவெளியே இதமானது.

ஆனால் இடைவெளி அகன்றால் கழுத்தின் மேற்பகுதியும் அகலும். சிறிய கை உள்ளவர்கள் நட்டின் அகலத்தையும் கழுத்தின் தடிமனையும் சேர்த்தே பார்க்க வேண்டும்; மெல்லிய கழுத்து அகலத்தை ஓரளவு ஈடுசெய்யும். கடையில் உட்கார்ந்து மட்டுமல்ல, வாரை மாட்டி நின்றபடியும் பி தந்தியை நிதானமாக வாசித்துப் பார்ப்பது அவசியம்.